மகளின் கட்டில்

பிரான்சின் பிரித்தானி மாகாணத்தில், 19ஆம் நூற்றாண்டுக் குடியானவர் குளிருக்கஞ்சி, சித்திர வேலைப்பாடமைந்த மரப்பெட்டி போன்ற கட்டிலுள் புகுந்து கதவடைத்துத் துயின்றனர். ஒரே கூடத்தில் வாழ்ந்தோர்க்கு அதுவே அறை. இன்றோ அக்கட்டில் புத்தக அலமாரி. சிலர் தொலைக்காட்சியையும் உள்ளே வைக்கின்றனர்!

புழுக்கம் மிகுந்த நம் கல்முனைக் கரையில் அதனுட் படுப்பவர் அவிந்தே போவர். இங்கு மணமக்களுக்கு அறை தருவது சீதன வீடு. முஸ்லிம் குடும்பங்களில் அது மகளுக்குரியது. மாப்பிள்ளையே அங்குக் குடிவருவார்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைவீடுகளைக் கடல் கொண்டது. கட்டில்களும் உடன் போயின. பின்னர் வழங்கப்பட்ட வீடுகள் பலவற்றின் உறுதி, ‘குடும்பத் தலைவர்’ என ஆண் பெயரிலேயே எழுதப்பட்டது. தச்சரிடம் புதுக்கட்டில் செய்விக்கலாம். மகள் அதனை எவர் வீட்டிற் போடுவாள்?