வாப்பாவின் மூச்சொலி

பெயரிலே குறிஞ்சியும் நிலத்திலே நெய்தலுமாக அமைந்தது எங்கள் ஊர். கடலும் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள குறிஞ்சிப்பிட்டியில் இரவு என்பது ஓசையற்ற பொழுதன்று. காற்று இரையும், தென்னோலை சலசலக்கும். எங்கள் வீட்டிலோ இவற்றையெல்லாம் விஞ்சி நின்றது வாப்பாவின் குறட்டை.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொள்வது நம்மவர் வழக்கம். நாற்பது ஆண்டுகள் கடற்றொழில் செய்த உடல் அயர்ந்து உறங்குகிறது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். விடுமுறைக்கு வீடு சென்ற ஓர் இரவிலேதான், அக்குறட்டையின் நடுவே விழுந்த மௌனத்தைக் கவனித்தேன். பத்து, பதினைந்து, இருபது என்று நான் எண்ணிக்கொண்டிருக்க, நெஞ்சு அசைந்ததேயன்றி மூச்சு வரவில்லை. பின்னர், நீரில் மூழ்கி எழுந்தவர் போலத் திணறி மூச்சை இழுத்தார். அன்றிரவு நான் உறங்கவில்லை.

கொழும்பிலே செய்த பரிசோதனை உண்மையை உணர்த்திற்று. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழியை அடைத்துவிடுகின்றன. மணிக்கு 30 தடவை அவ்வாறு நிகழ்ந்தாலே கடுமையான நிலை என்பர்; வாப்பாவுக்கு 42 தடவை நிகழ்ந்தது. இதற்கு மருந்து, காற்றேதான். இடையறாத மெல்லிய காற்றழுத்தத்தை மூக்கின் வழியே செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை, சிட்னி நகரத்து மருத்துவர் கொலின் சலிவனும் அவர்தம் குழுவினரும் 1981ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். தொடக்ககாலக் கருவிகள் பேரிரைச்சல் மிக்கனவாக இருந்தன. இன்றையவை கட்டிலருகே வைக்கத்தக்க சிறு பெட்டிகள்.

ஆயினும் அச்சிறு பெட்டியும் முகக்கவசமும் எங்கள் வீட்டிலே புதியதோர் ஓசையைக் கொண்டுவந்தன. “குறட்டையோட நாப்பது வருசம் தூங்கின எனக்கு, இந்தச் சீறலோட ஒரு ராவு தூங்க ஏலாம இருக்கு, மகன்” என்றார் உம்மா. அச்சொல் வாப்பாவின் செவிக்கு எட்டியது. அவர் எதுவும் கூறவில்லை. அடுத்தமுறை நான் சென்றபோது, கவசம் துணியிலே சுற்றப்பட்டு அலுமாரிக்குள் கிடந்தது. உம்மாவின் உறக்கத்துக்காகத் தம் மூச்சையே அவர் விட்டுக்கொடுத்திருந்தார்.

மீண்டும் அதனை அணிவித்து, இருவருமாக அமர்ந்து கேட்டோம். படகின் இயந்திர ஒலியைக் கொண்டே அதன் பழுதைக் கண்டறியும் செவி வாப்பாவினுடையது. “இதுல ரெண்டு சத்தம் இருக்கு” என்றார். உண்மைதான். முகப்பிலுள்ள நுண்துளைகளின் வழியே சீராக எழுவது ஒன்று. வெளிவிடும் மூச்சு அகல்வதற்கென அமைந்த வழி அது. அதனை ஒருபோதும் அடைத்தல் ஆகாது. மற்றையது, விட்டுவிட்டு எழும் விசில் போன்ற ஒலி. கவசத்தின் விளிம்பு தாடியின்மேற் படியாமையால் ஏற்பட்ட காற்றுக்கசிவு அது. வாரை இறுக்க இறுக்க அது மிகுந்ததேயன்றிக் குறையவில்லை.

தாடியை அகற்றும்படி நான் கேட்கவுமில்லை. அவர் இசையவும் மாட்டார். வைத்தியரின் ஆலோசனைப்படி, மூக்குத்துளைகளில் மட்டும் பொருந்தும் சிறு கவசத்தைப் பெற்றோம். தலைமாட்டில் இருந்த பெட்டியைக் கட்டிலினும் தாழ்ந்த முக்காலிக்கு மாற்றினோம். மணல் படிந்த காற்றுவடியைத் துப்புரவு செய்ததும், பொறியின் முனகலும் தணிந்தது. சீறல் நின்று, மெல்லிய மூச்சொலி மட்டும் எஞ்சியது.

ஒலியை எவ்வாறேனும் அடக்கிவிட வேண்டும் என்பதும் அறிவுடைமையன்று. ஓசையைத் தணிக்கவென ஒருவகைக் கருவிகளினுள் வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சோடு கலக்கக்கூடும் எனக் கண்டு, அவற்றை மீளப்பெறும் அறிவிப்பு 2021 ஜூனில் வெளியாயிற்று. எவ்வொலியை நீக்குவது, எவ்வொலியோடு வாழப் பழகுவது என்று தெரிந்து கொள்வதே முதற்கடன்.

சில மாதங்களின் பின், ஓர் இரவில் மின்சாரம் தடைப்பட்டது. கருவி நின்றது. வீட்டில் முதலில் விழித்தெழுந்தவர் உம்மாதான். இருளிலே வாப்பாவின் தோளைத் தட்டி, “எழும்புங்க, சத்தம் கேக்குதில்ல” என்றார். அச்சீறலின்றி உறங்க இயலாதவர் இப்போது அவரே.