வெள்ளிக்கிழமையைச் சொன்னவர்கள்

சிதம்பரத்தில் முதுகலை வகுப்புக்குச் சிலப்பதிகாரம் நடத்துகிறேன். கட்டுரை காதைக்கு வந்ததும் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் நின்றுவிடுவேன். மதுரை எரிய வேண்டிய நாள் எதுவென்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் இடம் அது. ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை. ஆண்டு மட்டும் இல்லை.

அந்த ஆண்டை வானத்தில் தேடியவர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. இந்தியப் பஞ்சாங்கக் கணிதத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர். மாதம், திதி, நட்சத்திரம், கிழமை எல்லாம் கூடிய நாளாக அவர் கண்டது கி.பி. 756 ஜூலை 23. இலங்கையின் கயவாகு மன்னனை வைத்துக் கதையை இரண்டாம் நூற்றாண்டில் நிறுத்துகிறவர்கள் இதை ஏற்பதில்லை.

“புனித வெள்ளிக்கும் இப்படிக் கணக்கு உண்டா அம்மா?” என்றாள் கடலூரிலிருந்து வரும் மாணவி.

உண்டு. பாஸ்கா முழுநிலவை ஒட்டி வரும். இயேசு இறந்தது வெள்ளிக்கிழமை. தீர்ப்பளித்த பிலாத்து ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அதற்குள் பெரிதும் பேசப்படும் நாள்கள் இரண்டு: 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3. ஹம்ஃப்ரீஸ், வாடிங்டன் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 1983இல் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அன்று மாலை எருசலேமில் நிலா கிரகணத்தோடு எழுந்தது என்பது அவர்கள் கணக்கு.

ஒரே திதியும் கிழமையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி சேரும். எந்த ஆண்டுகளுக்குள் தேடுவது என்பதை நிலா சொல்லாது. அதற்கு ஓர் அதிகாரியின் பெயரோ அரசனின் பெயரோ வேண்டியிருக்கிறது. கொலை செய்யச் சொன்னவனின் ஆட்சிக்காலம் கிடைத்தால்தான் கொலையுண்டவனின் நாள் கிடைக்கிறது.

கிழமையோ வேறு வழியில் வந்தது. வெள்ளி மாலை கல்லறையைப் பார்த்துவிட்டு, ஓய்வுநாளில் ஓய்ந்திருந்து, வாரத்தின் முதல்நாள் விடியலில் நறுமணப் பொருள்களோடு போனவர்கள் பெண்கள் என்கிறார் லூக்கா. துக்க வீட்டில் இன்றும் நாள் எண்ணுவது நாம்தான். கண்ணகிக்குக் கிழமை சொன்னதும் ஒரு பெண் தெய்வமே.

கணக்குப் பொருந்தினால் மட்டும் நடந்ததென்று ஆகிவிடாது. கவிஞரும் பஞ்சாங்கம் அறிந்தவராக இருக்கலாம். ஆகவே தேர்வுக்கு 756ஐ மனப்பாடம் செய்கிற பெண்களிடம் சொல்கிறேன்: அந்த நாளை யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.