அடையாற்றின் தென்கரை மணல்

கோடை விடுமுறை என்றால் குடும்பத்தோடு ஆகாய விமானம் ஏறி அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ பாலிக்கோ போய், தென்னை மர நிழலில் நாலு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வருவதுதான் என்ற அபிப்பிராயம் எங்கள் பேட்டையில் இப்போது வலுத்துவிட்டது. போகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தச் சமுத்திரங்களின் நீலம் நம் வங்கக் கடலுக்கு வராது என்பது வாஸ்தவமே. ஆயினும், வாசலில் இறங்கி நடந்தால் சற்று நேரத்தில் கால் நனைத்துவிடக்கூடிய பெஸன்ட் நகர்வாசிகளே அப்படிப் புறப்படுவதைப் பார்க்கும்போது, முன்பெல்லாம் திருச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் உறவினர்கள் பெட்டி படுக்கையுடன் இந்த ஊரில் வந்து இறங்கியதும், அவர்கள் நாடி வந்த சகல சுகங்களையும் இந்த மணல் ஒன்றே செலவில்லாமல் அளித்ததும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தீவுதான் வேண்டுமென்றால், சென்னையில் அதற்கும் பஞ்சமில்லை. கூவத்தின் நடுவே தீவுத்திடல் இருக்கிறது. அங்கே பொருட்காட்சி நடக்கிறது. அடையாற்று முகத்துவாரத்தில் வடகரை ஓரமாகக் குயிபிள் தீவு இருக்கிறது. அங்கே ஒரு கல்லறைத் தோட்டமும் அடுக்குமாடி வீடுகளும் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் நீங்கலாக, இவ்விரண்டு இடங்களுக்கும் எவரும் இளைப்பாறப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊரின் நிர்வாக சரித்திரம் மிகவும் சுருக்கமானது. 1882-ல் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் அடையாற்றின் தென்கரையில் தோட்டமொன்றை வாங்கிப் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அங்கே ஸ்தாபித்தார்கள்; அச்சபைக்குப் பிற்காலத்தில் தலைமை வகித்த அன்னி பெஸன்ட் அம்மையாரின் பெயரை, 1970-களில் வீட்டு வசதி வாரியத்தார் மனை பிரித்து வீடு கட்டிய புதுப் பேட்டைக்குச் சூட்டினார்கள்; கடற்கரைக்கு மட்டும், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் சென்னையில் மாஜிஸ்திரேட்டாக இருந்த எட்வர்ட் எலியட் என்ற துரையின் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

துரைகளும் வாரியமும் வருவதற்கு முன்னமே இங்கே ஊர் இருந்தது. அதுதான் ஊரூர் குப்பம். ஊரூர் ஆல்காட் குப்பம் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறார்கள். பேட்டைக்காரர்கள் கண் விழிக்கும் முன்பே அந்தக் குப்பத்தின் காரியம் பாதி முடிந்திருக்கும். கட்டுமரங்கள் இருந்த இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டு வெகு காலமாயிற்று என்றாலும், கரையேறிய பின் நடக்கிற வேலை மாறவில்லை. நாலைந்து பேர் மணலில் வட்டமாக உட்கார்ந்து, ஈர வலையை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலைக்கண்ணில் செவுள் மாட்டிய கவளையையும் காரப்பொடியையும் செதில் சிதறாமல் ஒவ்வொன்றாக உருவிப் போடுவார்கள். நண்டு வந்தால் மட்டும் கை நிதானப்படும். கொடுக்கைப் பின்னாலிருந்து இரு விரலால் அமுக்கி, காலைச் சுற்றிய நூலை ஒவ்வொரு முடிச்சாக விலக்க வேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை பேசுவதில் கூடையோடு காத்திருக்கும் பெண்கள் மகா கெட்டிக்காரிகள். இன்றைக்குக் கொண்டல் வீசுமா, வாடை திரும்புமா என்று படகோரத்தில் நிற்கிற பெரியவர் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னால், அது வானொலி அறிக்கையைவிட அநேகமாகப் பலிக்கும். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை வந்தபோது முதலில் அடி வாங்கியதும் இந்தக் குப்பந்தான். கடலை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் கடலால் ஜீவிக்கிறவர்களுக்கும் உள்ள பேதம் அன்றைக்கு ஊருக்கே விளங்கிற்று.

விடுமுறைக்கு வந்த குடும்பங்களின் தினசரியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அது எந்தச் சரித்திர புஸ்தகத்திலும் ஏறப் போவதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் காலையிலிருந்தே மேல்காற்று அனலாக அடிக்கும். அது மதியத்தில் தளர்ந்து, கடற்காற்று எப்போது உள்ளே நுழையும் என்று காத்திருப்பதே பெரியவர்களின் முக்கிய அலுவல். நிலம் காய்ந்து மேலே எழும்பும் சூட்டுக்கு ஈடாகக் குளிர்ந்த காற்றைக் கடல் அனுப்புகிறது என்பது பள்ளிப் பாடம். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அது பிற்பகல் வரையில் தாமதிக்கும் என்பது அனுபவப் பாடம். நுங்கம்பாக்கத்தில் பாதரசம் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் எங்கள் ஜன்னல் திரைச்சீலை முதலில் அசைந்துவிடும் என்பதில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. திரைச்சீலை அசைந்ததோ இல்லையோ, அடுக்களையில் புளியோதரையும் தயிர் சாதமும் எவர்சில்வர் அடுக்கில் ஏறும். மாவடு தனிச் சம்புடத்தில் போகும். பழைய ஜமக்காளம் ஒன்றை யாராவது தோளில் போட்டுக்கொள்வார்கள்.

மணலில் போய்ச் சேர்ந்ததும் குழந்தைகள் பள்ளம் தோண்டுவார்கள். முழங்கை ஆழம் போனதும் அடியில் தண்ணீர் ஊறி, பக்கச் சுவர் மெள்ளச் சரிந்து விழும், மறுபடி தோண்டுவார்கள். ஒரு மாலைப் பொழுதுக்கு அந்த உத்தியோகம் தாராளமாய்ப் போதும். பெரியவர்கள் ஜமக்காளத்தில் சாய்ந்துகொண்டு கல்யாணங்களைப் பற்றிப் பேசுவார்கள். தேங்காய், மாங்காய் நறுக்கிப் போட்ட பட்டாணிச் சுண்டல் தூக்குப் பாத்திரத்தில் வரும். கையால் சுற்றுகிற குடை ராட்டினம் ஒன்று தூரத்தில் கிறீச்சிடும். இருட்டியதும், முக்கியமாகப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், சந்திரோதயம் நேரே கடலிலிருந்து நிகழ்வதால், பாட்டி சாதத்தைப் பிசைந்து வட்டமாக நீளும் கைகளில் உருட்டி உருட்டிப் போட, எந்தக் குழந்தை எத்தனை உருண்டை தின்றது என்பதற்குக் கணக்கே இராது. வீட்டில் ஒரு கவளத்துக்கு ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள்கூட அங்கே மறு பேச்சில்லாமல் சாப்பிட்டதற்கு உப்புக் காற்றுதான் காரணம் என்று பாட்டிமார் சொன்னார்கள். பசிதான் காரணம் என்பது என் சித்தாந்தம்.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற கட்டளை மாத்திரம் மிகக் கண்டிப்பானது. கட்டளையை மீறத் துணிந்த பையன்களுக்கு, மணலில் வளைவுகளோடு நிற்கும் வெள்ளைக் கட்டடத்தைப் பெரியவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். 1930-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, அலையில் சிக்கிய பிறரைக் காப்பாற்ற உதவப் போய்த் தன் உயிரை விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் தேசத்தவரின் ஞாபகார்த்தமாக எழுப்பியது அது. அந்நிய நாட்டில், முன்பின் அறியாதவர்களுக்காகச் சமுத்திரத்தில் இறங்கிய ஒருவருடைய ஸ்தூபி, எங்கள் ஊரில் குழந்தைகளை மிரட்டவும், பிற்பாடு சினிமாக் காதலர்கள் சாய்ந்துகொண்டு பாடவும் உபயோகப்பட்டது. கரையை ஒட்டியே சட்டென்று ஆழம் காண்கிற இந்தக் கடலில் ஸ்நானம் ஆபத்து என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை வேறில்லை. இருந்தும் வருஷந்தோறும் இளம் பிள்ளைகள் போகிறார்கள்.

விருந்தினருக்குக் கடல் அலுக்கிற நாளில் தரிசனங்கள் உண்டு. 1976-ல் கும்பாபிஷேகம் ஆன அஷ்டலக்ஷ்மி கோயிலின் மாடிகளில் ஏறி ஒவ்வொரு லக்ஷ்மியாகச் சேவித்துவிட்டு வந்தால், அலை ஓசை சந்நிதி வரையில் கூடவே வரும். மறு கோடியில் வேளாங்கண்ணி மாதா கோயில். ஆகஸ்டு 29-ல் கொடியேறிச் செப்டம்பர் 8-ல் நிறைவு பெறும் அதன் திருவிழாவுக்கு, காவி உடுத்தி வெறுங்காலோடு நடந்து வருகிற ஜனங்களில் மதம் பார்த்துக் கணக்கெடுக்க யாராலும் முடியாது. வடக்கே போனால் முகத்துவாரத்தில் உடைந்த பாலம்: 1967-ல் கட்டி, 1977-ல் ஆறு ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போய்விட, அன்று முதல் நட்டாற்றில் நிற்கிறது.

தை, மாசி, பங்குனி மாத இரவுகளில் வேறு விருந்தாளிகள் வருவார்கள். பங்குனி ஆமைகள் கரையேறி, பின்துடுப்புகளால் குடுவைபோல் குழி பறித்து, நூற்றுக்குக் கிட்டத்தட்ட முட்டையிட்டு, மணலை மூடி அமுக்கிவிட்டுத் திரும்பும். 1988-ல் மாணவர்கள் தொடங்கிய சங்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் நீலாங்கரையிலிருந்து பெஸன்ட் நகர் வரையில் இரவெல்லாம் நடந்து, அம்முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துக் காக்கிறார்கள். ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் வெளிவரும் குஞ்சுகளை அந்தி வேளையில் கடலில் விடும்போது, ஊர்க் குழந்தைகள் கயிற்றுக்கு இப்பால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த ஜீவன், முதல் அலை வந்து புரட்டிப் போட்டதும், மறுபடி நிமிர்ந்து அதே திசையில் துடுப்புப் போடும்.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன். பிரகாசமாகத் தெரியும் பக்கமே கடல் என்று நம்பி நடப்பது ஆமைக்குஞ்சின் சுபாவம். நாமோ கடற்கரைச் சாலையில் பட்டப்பகல்போல் விளக்குகளை ஏற்றி, அவை ஊரை நோக்கி நடக்க வழி செய்திருக்கிறோம். சுண்டல்காரர் இருந்த இடத்தில் ஒலிபெருக்கி வைத்த கடைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அலை ஓசை கேட்க வேண்டுமென்றால் விடியற்காலையில்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவென்யூக்களில் காரை நிறுத்த இடம் தேடுகிறவர்கள், இடம் கிடைத்தபோது குழந்தை தூங்கிவிட்டதென்று திரும்பிப் போகிறார்கள். அடையாறு கொண்டு வருகிற சாக்கடையும், மழைக்குப் பின் அலை திருப்பித் தள்ளுகிற பிளாஸ்டிக்கும் பள்ளம் தோண்டுகிற பிள்ளைகளின் கையில் வந்து சேர்கின்றன. போதாக்குறைக்கு, உடைந்த பாலத்தை ஒட்டவைத்துக் கடலோரமாகவே சாலை போட்டுவிடலாம் என்ற யோசனை சில வருஷங்களுக்கு ஒரு முறை தலைதூக்குகிறது. குப்பத்து ஜனங்கள் வலையை எங்கே உலர்த்துவது என்று அந்த யோசனைக்காரர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

நல்லது செய்யவேயில்லை என்று சொன்னால் பாவம். மாற்றுத் திறனாளிகள் சக்கர நாற்காலியில் அலையோரம் வரையில் போக மரப்பாதை அமைத்திருக்கிறார்கள். அதைக் கண்டு மனமார சந்தோஷப்பட்டேன். ஆனால் அலங்கார வளைவுக்கும் புகைப்படம் எடுக்கிற மேடைக்கும் கிடைக்கிற பணம், பெண்களும் கிழவர்களும் கூச்சமின்றி உபயோகிக்கத்தக்க ஒரு சுத்தமான கழிப்பறைக்குக் கிடைக்காத மர்மம் எனக்கு விளங்கவில்லை. இருப்பது பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று விசாரித்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். பாட்டியை அழைத்து வந்த குடும்பம் அஸ்தமித்த சற்று நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போக நேர்வது இதனால்தான். கட்டடம் நிற்கிறது, குழாய் நிற்கிறது. பூட்டைத் திறந்து, தண்ணீர் விட்டு, தினம் இரு வேளை கழுவ ஓர் ஆளை நியமித்தால், அடுத்த பௌர்ணமிக்கே அவர்கள் ஜமக்காளத்தோடு வந்து உட்காருவார்கள்.