ஃபேஸ் ஒன் வாசல்

"ஃபேஸ் ஒன் வாசல்ல நில்லு, வந்துடறேன்." கைப்பேசி இல்லாத நாட்களில், ஒரு ரூபாய் காயின் போனில் இவ்வளவு சொன்னால் போதும். நண்பன் வந்துவிடுவான். சென்னை ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகத்தில் நாங்கள் வாங்கியது மிகக் குறைவு. சுற்றிய சுற்றுக்குக் கணக்கில்லை.

முதல்முறை என்னை அங்கே கூட்டிப்போனவர் அப்பா. அரக்கோணத்திலிருந்து ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பஸ்ஸில் மவுன்ட் ரோடு. எஸ்கலேட்டர் முன்னால் அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி தயங்கி நிற்க, பின்னால் வந்த யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மேலே போனதும் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று அப்பா சொன்னார்: "பழைய ஸ்பென்சரை நான் ரோட்ல நின்னுதான் பார்த்திருக்கேன். உள்ள போனதில்ல." அவர் சொன்னது 1895-இல் டபிள்யூ.என். போக்சன் வடிவமைப்பில் எழுந்த செங்கல் நிற மாளிகையை. வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்குமான கடை அது. 1983-இல் தீயில் எரிந்தது. அதே மனையில் 1990களின் தொடக்கத்தில் திறந்ததுதான் எங்கள் ஸ்பென்சர் பிளாசா. அப்பா நுழையாத வாசலில் நாங்கள் செருப்புக் காலோடு நுழைந்தோம். எங்களை யாரும் தடுக்கவில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் இருக்கும் பாசம் அங்கிருந்து வந்தது.

கல்லூரிக் காலத்தில் மியூசிக் வேர்ல்டில் ஹெட்போன் மாட்டி முழுப் பாட்டும் கேட்போம். லேண்ட்மார்க் புத்தகக் கடையில் நின்றபடியே பாதி நாவல் படித்து, பக்க எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் போவோம். காஷ்மீர்க் கடைக்காரர்கள் சால்வையை விரித்துக் காட்டி, தங்கள் ஊர் வாடை வீசும் தமிழில் "வாங்க சார்" என்பார்கள். ஃபேஸ் டூவிலிருந்து ஃபேஸ் த்ரீக்குப் போகும்போது வழி தவறும். தவறினால் என்ன, இன்னும் நான்கு கடை பார்க்கலாம்.

பிறகு 2006-இல் சிட்டி சென்டர், 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று புதிய மால்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூட்டம் அங்கே நகர்ந்தது. மியூசிக் வேர்ல்டும் போயிற்று, லேண்ட்மார்க்கும் போயிற்று.

சென்ற மாதம் எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி உள்ளே போனேன். இறக்கிவிட்ட ஷட்டர்கள் பல. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு கடை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர், பழக்கத்தில் "வாங்க" என்றார். ஒரு சாவிக்கொத்து வாங்கினேன். அத்தனை வருடம் சும்மா சுற்றியதற்கு அதையாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த மனை ஒருமுறை எரிந்து மீண்டும் எழுந்தது. இனியும் ஒருநாள் இடித்துக் கட்டப்படலாம். அப்படிக் கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: பையில் காசில்லாதவர்களும் கூச்சமின்றி நடக்க ஒரு தாழ்வாரம் விடுங்கள், நண்பனுக்காகக் காத்து நிற்க ஒரு வாசல் விடுங்கள்.