மேற்கூடும் அடிச்சட்டமும்

ஒரு பொருளைப் போற்றுதல் வேறு. அதனைக் காத்தல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்கியிருந்த யான், அறுபத்தாறாம் அகவையில், என் வீட்டு வண்டிக்கொட்டகையிற் பெற்ற பாடமொன்றை ஈண்டு எழுதத் துணிந்தேன். இலக்கண இலக்கியமன்றிப் பிறிதறியாத தமிழாசிரியன் ஒருவன் இரும்பையும் துருவையும் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள்க.

என் தமையனார் அம்பாசமுத்திரத்தை அடுத்து வாழைப்பயிர் செய்துவந்தார். அவர் நெடுங்காலம் ஓட்டியது ஒரு பழைய ஜீப்பு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கென ஆக்கப்பட்ட அவ்வகை வண்டியை, நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டு முதற் பொருத்தி விற்கலாயினர். பின்னர்த் தாமே செய்தும் வந்தனர். தமையனார் சிவனடி சேர்ந்தபின் அவர் மகன் என் பொறுப்பில் வளர்ந்தான். வண்டி என் கொட்டகையில் நின்றது. காவிரிக்கரைத் திருமடமொன்றில் யான் கற்ற தமிழை அவனுக்குக் கற்பிக்க விழைந்தேன். அவனோ கரூரிற் பேருந்துகளுக்கு மேற்கூடு கட்டும் பட்டறையொன்றிற் பணிக்கமர்ந்தான். "ஏடு பிடிக்கவேண்டிய கை ஸ்பானர் பிடிக்கின்றதே" என்று பலர்முன் அவனைக் குறைகூறியுமிருக்கின்றேன்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையை நம் நாட்டார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பொருநை கரைகடந்து சிந்துபூந்துறையிலுள்ள எம் தெருவினுட் புகுந்தது. ஜீப்பு இருக்கைமட்டும் நீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் யான் வண்டியின் வெளிப்புறத்தைக் கழுவினேன். மறு ஆண்டு ஆயுதபூசைக்குமுன் பச்சை வண்ணம் பூசுவித்தேன். சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டினேன். தமையனார் நினைவைச் செவ்வனே பேணினேன் என்று உள்ளங் குளிர்ந்தேன்.

2025 தைப்பொங்கலுக்கு வந்த மகன், வண்டியினடியிற் படுத்துச் சுத்தியலால் அங்கங்கே தட்டினான். சில இடங்களிற் கணீரென ஒலித்தது. சில இடங்களிற் பானை விரிந்தாற்போல ஒலித்தது. "சித்தப்பா, மேற்கூட்டைத் தூக்கினாலன்றி உள்ளிருப்பது தெரியாது" என்றான். "உன் தகப்பனார் கைபட்ட வண்டியைப் பிய்க்கவோ வந்தாய்?" என்று வெகுண்டேன். அவன் குரல் உயர்த்தாமல், "நெல்லையப்பர் தேரை ஆண்டுதோறும் பிரித்துத்தானே கட்டுகிறார்கள், சித்தப்பா?" என்றான்.

யான் வாயடைத்தேன். ஆனித் திருவிழாவுக்குத் தேரின் மரப்பீடத்தின்மேற் கால்நாட்டிச் சீலைகட்டி உச்சி அமைப்பதையும், விழா முடிந்தபின் அவற்றை இறக்குவதையும் இளமைதொட்டுக் கண்டவன் யான். இறக்குதல் இகழ்ச்சியென்று ஒருநாளும் எண்ணியதில்லை.

பின்னர் அவன் வண்டியின் அமைப்பை விளக்கினான். 2014இல் ஆக்கம் நின்றுபோன அம்பாசடர்க் காரில் மேற்கூடும் அடிப்பகுதியும் பற்றவைத்து ஒன்றாக்கப்பட்டவை. ஒன்றைவிட்டு ஒன்றைத் தூக்க இயலாது. ஜீப்போ அவ்வாறன்று. இரண்டு நெடுஞ்சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச்சட்டங்களும் ஏணிபோல் அமைந்தது அதன் அடிச்சட்டம். பட்டறையார் சேசிஸ் என்பது இதுவே. எஞ்சினும் சக்கரங்களும் இதனைப் பற்றி நிற்க, மேற்கூடு ரப்பர்த் துண்டுகளின்மேல் அமர்ந்து போல்ட்டுகளாற் பிணிக்கப்பட்டிருக்கும். நெடுஞ்சாலையில் மேற்கூடின்றி எலும்புக்கூடுபோல் ஓடும் புதுப்பேருந்துகளை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். அவை கூடு கட்டப்பெறும் பட்டறைகளுக்குச் செல்வன.

மறுநாள் வேலை தொடங்கிற்று. முதலிற் பாட்டரியின் வயரைக் கழற்றினான். இருக்கையடித் தொட்டியிலிருந்த பெட்ரோலைத் திறந்த வெளியில் வடித்தான். முகப்புமூடி, கண்ணாடிச் சட்டம், இருக்கைகள், ஸ்டீயரிங் தண்டு, மிதிகளின் இணைப்பு, பிரேக்குக் குழாய் ஆகியவை ஒவ்வொன்றாகப் பிரிந்தன. துருவேறிய போல்ட்டுகளை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறவிட்டான். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு எழுதும் பணி எனக்கு வாய்த்தது. "உங்கள் கையெழுத்துத்தான் சித்தப்பா, திரும்பப் பூட்டும்போது குழப்பாது" என்றான். இன்ன வயர் இன்ன இடத்தது, இன்ன நட்டு இன்ன போல்ட்டினது என்று எழுதுங்கால், செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள்கண்டு மீளப் புணர்க்கும் தொழிலையே அவனும் செய்கின்றான் என்பது எனக்குப் புலனாயிற்று.

தூக்கும் நாளில் அயலார் அறுவர் வந்தனர். கொட்டகையின் பழைய உத்திரத்திற் கப்பி கட்ட அவன் இசையவில்லை. இருபுறமும் ஜாக்கி வைத்துச் சிறிது உயர்த்தி, உயர்த்திய அளவுக்குக் கட்டை அடுக்கினான். "இரண்டு விரற்கடை தூக்குக, நிறுத்துக, சுற்றிப் பார்க்க, எவரும் அடியிற் கைநீட்டற்க" என்பதே அவன் விதி. மூன்றாம் முறை நிறுத்தியபோது, விளக்குப் பிடித்திருந்த யான், பின்புறத்தில் ஒரு வயர் கழற்றப்படாமல் இழுபடுவதைக் கண்டு கூவினேன். அதனை விடுவித்தபின் அறுவரும் கூட்டை ஏந்தி உயர்ந்த குதிரைகளின்மேல் அமர்த்த, அடிச்சட்டம் தன் சக்கரங்களால் உருண்டு வெளிவந்தது.

யான் கண்டதை எவ்வாறு எழுதுவேன்! குறுக்குச்சட்டங்களின்மேல் ஆற்றுவண்டல் படிந்து, ஈரத்தைப் பற்றி, ஓராண்டுக்கு மேலாக இரும்பைத் தின்றிருந்தது. ஓரிடத்தில் விரலால் அழுத்தினேன். இரும்பு இலைச்சருகுபோல் நொறுங்கிற்று. அதற்கு நேர்மேலே யான் பூசுவித்த பச்சை வண்ணம் பளபளத்தது. நெடுஞ்சட்டத்தைக் கம்பித்தூரிகையால் தேய்க்கையிற் பொறித்த எண்கள் சில தோன்றின. "பதிவுப் புத்தகத்திலுள்ள எண் இதுதான்; மேற்கூடு மாறினாலும் வண்டி மாறாது; இது போனால் அப்பா வண்டி என்று சொல்ல ஒன்றுமில்லை" என்றான் மகன். தமையனாரின் வண்டியென யான் மாலையிட்டது தகட்டுக்கு. அவ்வண்டியோ அடியில் அழிந்துகொண்டிருந்தது.

செம்பிற் களிம்பை ஆணவமலத்துக்கு உவமையாக்குவர் நம் சமய நூலோர். இத்துருவை அதனோடு ஒப்பிட்டு மனந்தேற முதலில் எண்ணினேன். ஆயின் அவ்வொப்பு இங்கே பொருந்தாது. களிம்பு செம்போடு உடன்தோன்றியது, சகசம். இத்துருவோ இடையில் வந்தது, கழுவியிருந்தால் வாராதது. ஆதலின் இயற்கையின்மேற் பழியேற்ற வழியில்லை, பழி என்னுடையதே. தமையனார் மகனிடத்தும் யான் அவ்வாறே ஒழுகினேன். அவன் கையில் ஏடில்லாத குறையை மட்டுமே கண்டேன். அக்கையின் பொறுமையையும் ஒழுங்கையும் காணக் குனிந்தேனில்லை.

அரித்த பகுதியை அறுத்தெறிந்து புத்திரும்பு பற்றவைத்து, மாசியில் மேற்கூட்டை மீளப் பூட்டினான். என் சீட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு நட்டும் மிகவில்லை. தூக்க வந்த அயலாரெல்லாம் மீண்டும் கூடியிருந்த அன்று, முன்பு பலர்முன் கூறிய இழிசொல்லைப் பலர்முன்னே திரும்பப் பெற்றேன். அவன் ஒன்றுங் கூறாமல் வண்டியின் சாவியை என் கையில் வைத்தான்.

இப்போது திங்கள்தோறும் முதலில் வண்டியினடியிற் குனிந்து நீர்விட்டுக் கழுவி உலர்த்துகின்றேன். மேலே துடைப்பது அதன் பின்னரே.