எந்த ஈயம்?

எங்கள் வீட்டில் ஒரு செப்புக் கிடாரம் இருக்கிறது. உம்மும்மாவின் கலியாணத்தோடு வந்தது. ஒரு காலத்தில் ஊரில் கந்தூரி என்றாலும் கலியாணம் என்றாலும் அதை இரவல் கேட்டு ஆள் வந்துவிடுமாம். இன்று பரணில் கிடக்கிறது. உள்ளே பூசிய வெள்ளைப் பூச்சுத் தேய்ந்து, அடியில் செம்பு தெரிவதே காரணம். "செம்பு தெரிஞ்சா அதுல புளி வைக்கக் கூடாது மகள்" என்பது உம்மும்மாவின் சட்டம்.

அந்தச் சட்டத்தின் நியாயம் இரசாயனவியல் படித்தபோது எனக்கு விளங்கியது. செம்பு வெப்பத்தை விரைவாகப் பரப்பும்; அதனால் கிடாரம் முழுவதும் சூடு ஒரே சீராக ஏறும். ஆனால் புளி, தேசிக்காய், தயிர், வினாகிரி ஆகியவற்றின் அமிலம் மெல்ல மெல்லச் செம்பை உணவில் சேர்த்துவிடும். அது அளவு மீறினால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். உணவுக்கும் செம்புக்கும் இடையே திரையாக நிற்பது வெள்ளீயம்.

அதைப் பூசும் முறையை உம்மும்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கரிநெருப்பில் சூடாக்குவார்கள். நவச்சாரத்தூள் தூவினால் வெண்புகை எழும். அதுதான் நாங்கள் படிக்கும் அமோனியம் குளோரைட்டு. செம்பின் மேலுள்ள ஒட்சைட்டுப் படையை நீக்கி, ஈயம் ஒட்ட வழி செய்கிறது. பிறகு உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சால் பரப்பினால் உட்புறம் வெள்ளிபோல மின்னும். வெள்ளீயம் 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். ஈயம் பூசிய சட்டியை வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

மாமாவின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது, கிடாரத்தை இறக்க உம்மா ஆசைப்பட்டார். மலிவாகப் பூசித் தருவதாக ஒருவர் வந்தார். அவர் கையில் இருந்தது பற்றாசுக் கம்பி.

"எந்த ஈயம் தம்பி இது?" என்று உம்மும்மா கேட்டார்.

"எல்லாம் ஈயம்தானே!" என்றார் அவர்.

இல்லை. வெள்ளீயம் 50ஆம் மூலகம். காரீயம் 82ஆம் மூலகம். பேச்சில் இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிவிடுகிறோம். பற்றாசில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடலில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உம்மும்மா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார். கலியாணச் சோறு அலுமினியச் சட்டியில் வெந்தது. உம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

உம்மும்மா பாடசாலைக்குப் போனது சில வருடங்களே. மூலக அட்டவணையை அவர் கண்டதில்லை. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அவரிடம் இருந்தது. மின்னுவதைப் பார்த்து இரண்டு ஈயத்தையும் பிரித்தறிய முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். பழைய பாத்திரங்களை அழகுக்காக மீண்டும் தேடி வாங்கும் இந்நாளில், பாத்திரத்தோடு அந்தக் கேள்வியும் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.