உள்ளங்கையில் ஒரு வாத்தியம்

மௌத் ஆர்கன் என்றதும் நம்மில் பலருக்குத் திருவிழாக் கடைதான் நினைவுக்கு வரும். வாங்கிய அன்று வீடே அதிரும். நான்கு நாளில் ரீடு அடைத்துக்கொள்ளும். பிறகு அது தம்பியின் கைக்குப் போய்விடும். அந்த விளையாட்டுச் சாமானைக் கொண்டே உலகின் ஜாஸ் மேடைகளை ஆண்டார் ஒருவர். அவர்தாம் டூட்ஸ் தீலமன்ஸ்.

1922-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தவர். மூன்று வயதில் அக்கார்டியன், பதின்ம வயதில் ஹார்மோனிகா, ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசை கேட்ட மயக்கத்தில் கிதார். 1952-இல் அமெரிக்கா சென்று, ஜார்ஜ் ஷியரிங் குழுவில் பல ஆண்டுகள் வாசித்தார். 1962-இல் வெளிவந்த ‘ப்ளூசெட்’ அவர் பெயரை எங்கும் பரப்பியது. அதில் கிதாரின் சுரமும் அவருடைய சீட்டியும் இணைபிரியாமல் செல்லும்.

விடுதியில் இரவு விளக்கணைத்த பிறகு நான் திரும்பத் திரும்பக் கேட்பவை இரண்டு இசைத்தட்டுகள். ஒன்று, 1950-களின் இறுதியில் பதிவான ‘மேன் பைட்ஸ் ஹார்மோனிகா’. பெப்பர் ஆடம்ஸின் கனத்த பாரிடோன் சாக்ஸபோனுக்குப் பக்கத்தில் இந்தச் சின்னஞ்சிறு கருவி சற்றும் கூசாமல் நின்று பேசுகிறது. மற்றொன்று, பியானோ மேதை பில் எவான்ஸுடன் வாசித்து 1979-இல் வெளிவந்த ‘அஃபினிட்டி’. இங்கே பேச்சைவிட மௌனமே மிகுதி. புன்னகைக்கும் கண்ணீருக்கும் நடுவிலுள்ள சிற்றிடமே தமக்கு உரியது என்று அவர் சொல்வதுண்டு. அந்த இடம் எது என்பதை இந்தத் தட்டைக் கேட்டால் உணரலாம்.

அவர் வாசித்தது கடைவீதி மௌத் ஆர்கன் அன்று, குரோமாட்டிக் ஹார்மோனிகா. பன்னிரண்டு துளைகள், பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சுரம் அரைச் சுரம் உயரும். ஒவ்வொரு துளையிலும் ஊதும்போது இரண்டு, உறிஞ்சும்போது இரண்டு. ஆக 48 ரீடுகள். ஜெர்மனியின் ஹோனர் நிறுவனம் அவர் பெயரிலேயே இருவகை செய்தது: குழைவான ஒலிக்கு ‘மெல்லோ டோன்’, அழுத்தமான ஒலிக்கு ‘ஹார்ட் பாப்பர்’. ஒரே மனிதருக்கு இரண்டு குரல் தேவைப்பட்டது வியப்பன்று. பெப்பர் ஆடம்ஸுடன் பேசும் குரலில் பில் எவான்ஸுடன் பேச முடியுமா?

1981-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. இடக்கை தளர்ந்தது, கிதாரில் பழைய வேகம் போயிற்று. ஹார்மோனிகா மட்டும் அவரைக் கைவிடவில்லை. 2014 வரை வாசித்தார். 2016-இல், 94-ஆம் வயதில் மறைந்தார்.

இச்செய்தி என்னைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. என் தந்தை மாலைதோறும் திண்ணையில் புல்லாங்குழல் வாசிப்பார். சென்ற ஆண்டு அவருக்கும் இடக்கை தளர்ந்தது. குழலுக்கு இரண்டு கை விரல்களும் வேண்டும். உறையிலிட்ட குழலை அவர் இன்றுவரை வெளியே எடுக்கவில்லை என்று அம்மா எழுதியிருந்தார்.

டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு குரோமாட்டிக் வாங்கியிருக்கிறேன். மரச் சட்டம் ஈரத்தில் ஊதிவிடும் என்பதால் பிளாஸ்டிக் சட்டமாகவே தேர்ந்தெடுத்தேன். வலக்கை ஒன்றே தாங்கிக்கொள்ளும். பொத்தானை அழுத்த அக்கையின் ஆட்காட்டி விரல் போதும். மற்றதை மூச்சு பார்த்துக்கொள்ளும். கமகம் இதில் எளிதில் வராது என்று அப்பா நிச்சயம் குறை சொல்வார். சொல்லட்டும். குறை சொல்வதற்காகவாவது ஒருமுறை ஊதிப் பார்க்க வேண்டுமல்லவா?